பப் நடத்திய கால்பந்து ரசிகர் ஒருவரின் நினைவைப் போற்றுவது எப்படி

இங்கிலாந்தின் ஒரு தெருமுனையில் பல்லாண்டுகள் பப் நடத்தி, உள்ளூர்க் கால்பந்துக் கழகத்தின் ஆட்டத்துக்குச் சனிக்கிழமைதோறும் தவறாமல் போய்வந்த ஒருவர் மறையும்போது, அவருக்காகத் துக்கப்படுகிறவர்கள் ஒரே கூட்டமாக இருப்பதில்லை. குடும்பத்தார், பாரில் அவருடன் வேலை செய்தவர்கள், நாள்தோறும் அதே இருக்கையில் வந்து அமர்ந்த வாடிக்கையாளர்கள், வெளியூர் ஆட்டங்களுக்கு அவரோடு பேருந்தில் போன ரசிகர்கள் என்று பல வட்டங்கள் இருக்கும். இவர்களில் பலர் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக்கூட அறிந்திருக்க மாட்டார்கள். மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தியவரைப் பாரில் இருந்தவர்கள் பார்த்ததில்லை. கணக்குப் புத்தகத்தோடு இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தவரை ரசிகர்கள் பார்த்ததில்லை. ஆகவே நினைவேந்தலை ஏற்பாடு செய்ய முன்வருகிறவர், மாலைக்கும் நினைவுப் பலகைக்கும் ஆள் தேடுவதற்கு முன்பாக, இந்த வட்டங்களை ஒன்றாக உட்காரவைக்க வேண்டும்.

குடும்பத்தைக் கேட்டுத் தொடங்குங்கள்

பப் நடத்துகிறவர்களில் பலர் அதே கட்டடத்தின் மாடியில்தான் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். கீழே நள்ளிரவுவரை பாடி அழுகிறவர்களின் குரல், மேலே கணவரையோ தாயையோ இழந்து படுத்திருப்பவரின் அறைக்குள் அப்படியே போய்ச் சேரும். அன்பின் மிகுதியில் பலரும் மறந்துவிடும் செய்தி இது என்பதால் முதலில் சொல்கிறேன். எந்தெந்த மாலைகளில் கூட்டம் கூடலாம், எத்தனை மணிக்குக் கலைய வேண்டும் என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். வாசலில் பூங்கொத்துகளையும் கழுத்துத் துண்டுகளையும் வைக்க இடம் எது என்பதையும் அவர்களே சொல்லட்டும். பூக்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தாளை நீக்கிவிட்டு வைத்தால், வாடியபின் அவற்றை உரமாக்குவது எளிது.

குடும்பத்தின் சார்பில் பேச ஒருவரையும், பப்பின் சார்பில் ஒருவரையும், ரசிகர்களின் சார்பில் ஒருவரையும் தேர்ந்துகொண்டால், ஒரே கேள்வியைப் பத்துப்பேர் வந்து கேட்கும் தொல்லை குறையும். இறப்புக்கான காரணத்தை வெளியில் சொல்லலாமா, எந்தப் புகைப்படத்தைப் பயன்படுத்தலாம், கழகத்தின் நிறத்தில் உடையணிந்து வரலாமா, நன்கொடை திரட்டுவதாக இருந்தால் எந்த நோக்கத்துக்கு என்ற நான்கையும் தெளிவாகக் கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் அனைவருக்கும் செய்தி போய்ச் சேரும் முன்பு எதையும் பொதுவில் அறிவிக்க வேண்டாம்.

பப் அந்தக் குடும்பத்தின் சொந்தக் கட்டடமா, மது ஆலைக்கோ பப் நிறுவனத்துக்கோ சொந்தமான கட்டடத்தில் அவர்கள் குத்தகைதாரர்களா என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. குத்தகையாக இருந்தால், துக்கத்தோடு துக்கமாக வீட்டையும் காலிசெய்ய வேண்டிய கவலை அவர்களை அரித்துக்கொண்டிருக்கலாம். சுவரில் ஆணி அடிக்கவும் பெயர்ப்பலகையை மாற்றவும் அனுமதி தரும் உரிமை அவர்களுக்கு இல்லாமலும் போகலாம்.

பப் சட்டப்படி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

இறுதிச் சடங்குக்குப் பிறகு எல்லோரும் பப்பில் கூடுவார்கள் என்று அறிவித்துவிட்டு, அன்று மது விற்க உரிமமே இல்லை என்று தெரியவந்தால் குடும்பத்துக்கு அதைவிடச் சங்கடம் வேறில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2003 ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின்படி, அந்தக் கட்டடத்தில் மது விற்பதற்கான உரிமம் மறைந்தவரின் தனிப்பெயரில் இருந்தால், அவர் இறந்ததும் அது காலாவதியாகிவிடுகிறது. அதற்கு மறுநாளிலிருந்து 28 நாட்களுக்குள், மறைந்தவரின் சட்டப்படியான பிரதிநிதியோ கட்டடத்தில் சொத்துரிமை உள்ளவரோ உள்ளாட்சி மன்றத்துக்கு இடைக்கால அறிவிப்பைக் (interim authority notice) கொடுத்து, அதன் படியைக் காவல்துறைக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் அனுப்பினால், உரிமம் மூன்று மாதம்வரை மீண்டும் உயிர்பெறும். கட்டணம் 23 பவுண்ட். அறிவிப்புக் கொடுக்கும்வரை மது விற்பது குற்றமே என்பதால், 28 நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போடக் கூடாது.

உரிமம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அது காலாவதியாகாது. எனினும் மது விற்பனைக்குப் பொறுப்பாளராக உரிமத்தில் குறிப்பிடப்பட்டவர் மறைந்தவரே என்றால், வேறொருவரின் பெயரைச் சேர்க்க உடனே விண்ணப்பிக்க வேண்டும். கூட்டம் வழக்கமான நேரத்தைத் தாண்டிப் போகும் என்றாலோ, மது வழங்க உரிமம் இல்லாத ஒரு மண்டபத்தில் நடக்கும் என்றாலோ, குறைந்தது பத்து வேலைநாட்களுக்கு முன்பாகத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். இதற்கு 21 பவுண்ட் கட்டணம், ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

நினைவுகளைத் திரட்டும் முறை

எல்லா வேலைகளிலும் இதற்கே அதிக நேரம் ஒதுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். பலகையைப் பிறகும் வைக்கலாம். முதிய வாடிக்கையாளர்களின் நினைவுகளைப் பிறகு திரட்டமுடியும் என்பதற்கு உறுதி இல்லை. “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால், “தங்கமான மனிதர்” என்ற பதிலே திரும்பத் திரும்ப வரும். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்தச் சொல்லில் அவருடைய முகம் தெரியாது. செயலைக் கேளுங்கள். நீங்கள் முதன்முதலில் உள்ளே நுழைந்தபோது அவர் என்ன சொன்னார், கையில் காசில்லாத வாரத்தில் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார், கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய நாளில் கதவைத் திறந்தாரா அடைத்தாரா, வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பேருந்தில் எந்த இருக்கையில் உட்கார்ந்தார், கிறிஸ்துமஸ் அன்று தனியாக இருந்த யாரை உள்ளே கூப்பிட்டார் என்று கேட்டால், ஒவ்வொருவரும் வேறு வேறு விடை சொல்வார்கள். அந்த விடைகளைத் தேதியோடும் இடத்தோடும் எழுதிச் சேர்த்தால், இரங்கலுரைக்கும் நினைவு மலருக்கும் வேண்டிய பொருள் தானாக வந்து சேரும்.

கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வதே எழுதி வாங்குவதைவிட நல்லது, ஏனென்றால் எழுதச் சொன்னால் தயங்குகிறவர்களும் பேசச் சொன்னால் பேசுவார்கள். காலையில் பப் திறக்கும் முன்பான வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டிகளின் இரைச்சலிலிருந்து தள்ளி உட்காருங்கள். சூதாட்ட இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். ஒரு வட்டத்தைச் சேர்ந்த ஒருவரையும் இன்னொரு வட்டத்தைச் சேர்ந்த ஒருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசவிட்டால், ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவருக்கு நினைவு கிளம்பும். குடும்பத்தாருக்கே தெரியாத அவருடைய நல்ல காரியங்கள் இப்படிப்பட்ட உரையாடல்களில்தான் வெளிவருகின்றன.

சுவரில் தொங்கும் படங்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பின்புறத்தையும் படமெடுங்கள், தேதியும் பெயர்களும் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் பப்களுக்குள் புகைபிடிப்பது 2007 ஜூலை 1 அன்றுதான் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பு மாட்டப்பட்ட படங்கள் பழுப்பேறி இருந்தால், துணியால் அழுத்தித் துடைக்காமல் உள்ளபடியே ஸ்கேன் செய்து, கணினியில் நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம். பழைய நுழைவுச்சீட்டுகள், ஆட்டநாள் கையேடுகள், உடையில் குத்தும் சின்னங்கள் ஆகியவற்றை யார் கொண்டுவந்தார்கள் என்று பட்டியல் எழுதிப் பெறுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது குழப்பம் வராது.

ஆட்டங்களைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளைச் சரிபார்க்காமல் அச்சிட வேண்டாம். அன்பு நிறைந்த நினைவில் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்த ஆட்டம் நான்குக்கு மூன்றாக வளர்ந்திருக்கும். கழகத்தின் பழைய கையேடுகளிலும், உள்ளூர் நூலகத்தில் உள்ள செய்தித்தாள் தொகுப்பிலும் தேதியையும் கோல் கணக்கையும் பார்த்துக்கொள்ளலாம். வாழ்நாள் முழுதும் ஒரே கழகத்தைப் பின்தொடர்ந்தவருக்கான மலரில் கோல் கணக்குத் தவறாக இருந்தால், அவருடைய நண்பர்களின் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

எதைச் சொல்லாமல் விடுவது என்பதிலும் கவனம் வேண்டும். யாருக்குக் கடன் கொடுத்தார், யாரை எந்த நிலையில் வீட்டுக்குக் கூட்டிப்போய் விட்டார் என்பவை அந்த மற்றவரின் மானத்தைத் தொடும் செய்திகள். அவர் சம்மதித்தால் ஒழிய அவை அச்சேறக் கூடாது. மிதமிஞ்சிக் குடித்த இரவுகளை வீரக்கதைகளாக்குவதும் நல்ல பப் உரிமையாளருக்குப் பெருமை சேர்க்காது. போதையில் இருப்பவருக்கு மது விற்பது சட்டப்படியே குற்றம். போதும் என்று ஒருவரிடம் பக்குவமாகச் சொல்லி, வண்டி பிடித்து அனுப்பிவைத்த கதைதான் அந்தத் தொழிலைத் தெரிந்தவர்களின் மனத்தில் நிற்கும். மறைவுக்கு மதுவே காரணமாக இருந்தால், கோப்பை உயர்த்தும் வழக்கம் வேண்டுமா என்பதைக் குடும்பத்தாரிடம் தனியாகக் கேளுங்கள்.

இறுதி ஊர்வல நாள்

அமரர் ஊர்தி வீட்டிலிருந்து தகனசாலைக்கோ தேவாலயத்துக்கோ நேராகப் போகாமல், பப்பின் முன்பாகச் சற்று நின்று, வழியில் இருந்தால் மைதானத்தையும் சுற்றிக்கொண்டு போவது இங்கிலாந்தில் பரவலாக உள்ள வழக்கம். இதை முன்கூட்டியே இறுதிச் சடங்கு நடத்துநரிடம் சொன்னால் வழியையும் நேரத்தையும் அவர் வகுத்துத் தருவார். மைதானத்தின் வாயில் வரை போவதாக இருந்தால் கழகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். ஆட்டம் இல்லாத நாளிலும் வாயிலைத் திறந்துவைத்து ஊழியர்கள் வரிசையாக நிற்பதுண்டு. ஆட்டநாளில் இறுதிச் சடங்கை வைக்காமல் இருப்பதே நல்லது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ஆட்டங்கள் வேறு நாளுக்கு மாற்றப்படுவது வழக்கம் என்பதால், அட்டவணையை நம்பி முடிவு செய்யாமல், கழகத்தைக் கேட்டுத் தேதியை உறுதிசெய்யுங்கள்.

சவப்பெட்டிக்குள் கழகத்தின் சட்டையையும் கழுத்துத் துண்டையும் வைக்க விரும்புவார்கள். தகனம் செய்வதாக இருந்தால், பாலியெஸ்டர் போன்ற செயற்கைத் துணிக்கும் கண்ணாடிப் பொருள்களுக்கும் தகனசாலைகள் கட்டுப்பாடு விதிக்கின்றன. அவர் விரும்பிய மதுவின் புட்டியை உள்ளே வைக்க முடியாது. துண்டைப் பெட்டியின் மேல் போர்த்தி, பிறகு எடுத்துப் பேரப்பிள்ளைகளிடம் கொடுப்பதே எனக்குச் சிறந்த வழியாகப் படுகிறது. கழகத்தின் நிறத்தில் பூவளையம் கட்டச் சொல்லும்போது, பூக்கடைக்காரரிடம் சட்டையையே காட்டுங்கள். நீலத்தில் பல நீலம் உண்டு, ரசிகர்களுக்கு அது சிறிய வேறுபாடு அல்ல.

தகனசாலையில் ஒதுக்கப்படும் நேரம் குறைவு. அங்கே இருவர் பேசினால் போதும். மற்றவர்கள் பப்பில் பேசட்டும். பப்பில் பேச்சைத் தொடங்க, கடைசி விற்பனை நேரத்தை அறிவிக்க அவர் அடித்துவந்த மணியை ஒருமுறை அடிப்பது மிகப் பொருத்தமானது, ஏனென்றால் அந்த ஓசைக்கு அமைதியாகும் பழக்கம் அங்குள்ள எல்லோருக்கும் உண்டு. அன்றைக்குப் பாரில் நிற்கப்போவது யார் என்பதை யோசித்திருக்கிறீர்களா? அவரோடு வேலை செய்தவர்களும் துக்கத்தில் இருப்பவர்கள்தான். பக்கத்துப் பப்களைச் சேர்ந்தவர்களைக் கேட்டால், ஒருநாள் வந்து நின்று உதவத் தயங்க மாட்டார்கள். அந்தத் தொழிலில் அப்படிப்பட்ட ஒட்டுறவு உண்டு. வருகிறவர்களுக்கு முதல் கோப்பையை இலவசமாகத் தர, நண்பர்கள் பாரில் முன்பணம் கட்டிவைப்பதாக இருந்தால், தொகைக்கு ஒரு வரம்பை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். குடிக்காதவர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் தேநீரும் உணவும் அதே கணக்கில் கிடைக்க வேண்டும்.

மைதானத்தில் அஞ்சலி

கழகத்தோடு பேசத் தொடங்க வேண்டிய இடம் ரசிகர் தொடர்பு அலுவலர். அவரிடம் பெயர், வயது, எத்தனை ஆண்டாக ரசிகர், எந்தப் பகுதியில் உட்காருவார், ஒரு நல்ல புகைப்படம், குடும்பத்தின் சம்மதம் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் கொடுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் மைதானம் முழுவதும் எழுந்து நிற்கும் ஒரு நிமிட மௌனத்தையும், வீரர்கள் கையில் கட்டும் கருப்புப் பட்டையையும் பெரிய கழகங்கள் எல்லா ரசிகருக்கும் தர இயலாது, அதை எதிர்பார்த்து மனம் நோக வேண்டாம். இடைவேளை அறிவிப்பும், திரையில் படமும், கையேட்டில் ஒரு பத்தியும் பெரும்பாலும் கிடைக்கும். 2018 இல், பிரீமியர் லீக்குக்கு அடுத்த மூன்று பிரிவுகளை நடத்தும் இங்கிலீஷ் கால்பந்து லீக்கின் கழகங்கள் வாக்களித்துக் கையேடு அச்சிடும் கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆகவே உங்கள் கழகம் இன்னும் அச்சிடுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வாண்டில் மறைந்த ரசிகர்கள் அனைவரின் பெயரையும் ஓர் ஆட்டத்தில் சேர்த்து வாசிக்கும் வழக்கமும் பல கழகங்களில் உண்டு.

மௌனமா, கைதட்டலா என்ற கேள்வி வரும். 2005 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் புகழ்பெற்ற முன்னாள் வீரர் ஜார்ஜ் பெஸ்ட் மறைந்தபோது பிரிட்டிஷ் மைதானங்களில் மௌனத்துக்குப் பதிலாகக் கைதட்டி வழியனுப்பும் முறை பரவலாயிற்று. வயது முதிர்ந்து, நிறைவாக வாழ்ந்து மறைந்தவருக்குக் கைதட்டல் பொருந்தும். திடீர் மறைவிலோ இளவயது மறைவிலோ மௌனமே பொருந்தும் என்பது என் எண்ணம், ஆயினும் குடும்பத்தின் விருப்பமே முடிவு.

கழகத்தின் ஏற்பாடு இல்லாமல் ரசிகர்களே செய்யக்கூடியது, குறித்த நிமிடத்தில் எழுந்து கைதட்டுவது. ஆஸ்டன் வில்லா வீரர் ஸ்டிலியன் பெட்ரோவுக்கு 2012 இல் ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தபோது, அவருடைய சட்டை எண்ணான 19 ஐக் குறிக்கும் வகையில் ரசிகர்கள் 19 ஆவது நிமிடத்தில் எழுந்து கைதட்டி அவருக்குத் தெம்பூட்டினார்கள். மறைந்த ரசிகருக்கு அவருடைய வயதைக் குறிக்கும் நிமிடத்தில் கைதட்டுவது வழக்கம்: 67 வயது என்றால் 67 ஆவது நிமிடம். தொண்ணூறைத் தாண்டியவருக்கு நிமிடம் கிடைக்காமல் போகலாம் என்பதால், அவர் பப் நடத்திய ஆண்டுகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளலாம். செய்தி முன்கூட்டியே எல்லாப் பகுதிக்கும் போய்ச் சேர, மைதானத்தைச் சுற்றியுள்ள பப்களில் சிறு அறிவிப்புகளை ஒட்டுங்கள். அவை ஆட்டத்துக்கு முன்பு ரசிகர்கள் கூடும் இடங்கள்; அவருடைய பெயருக்கு அங்கே கூடுதல் மதிப்பும் உண்டு. எதிரணி ரசிகர்களின் பப்பையும் விட்டுவிடாதீர்கள். அவர்களும் சேர்ந்து தட்டும்போது குடும்பத்தாருக்கு ஏற்படும் ஆறுதல் பெரிது.

சட்டம் சார்ந்த சில செய்திகளை இங்கே சொல்லியாக வேண்டும். 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இங்கிலாந்தில் ஆண்கள் கால்பந்தின் முதல் ஐந்து அடுக்குகளில், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் ஆட்ட நேரத்தில் மதுவை வைத்திருப்பது குற்றம். ஆகவே இருக்கைப் பகுதியில் கோப்பை உயர்த்துவதைத் திட்டமிடாதீர்கள். அதற்குக் கீழான அடுக்குகளில் இந்தத் தடை இல்லை, சிறிய கழகம் என்றால் ஆடுகளத்தின் ஓரத்திலேயே கோப்பை உயர்த்தலாம். ரசிகர்களை ஏற்றிச்செல்லும் வாடகைப் பேருந்திலும் அதே சட்டம் மதுவைத் தடுக்கிறது. கழகத்தின் நிறத்தில் புகை எழுப்பும் குப்பிகளை மைதானத்துக்குள் கொண்டுபோவதும் குற்றமே. துக்க வேளையில் ஓர் இளைஞர் அதனால் கைதாவதை மறைந்தவர் விரும்பியிருக்க மாட்டார். பெரிய பதாகை செய்தால், தீப்பிடிக்காத துணி என்பதற்கான சான்றிதழைப் பல கழகங்கள் கேட்கும். துணி வாங்கும்போதே அதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அஸ்தி

தன் அஸ்தியை ஆடுகளத்தில் தூவ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போன ரசிகர்கள் ஏராளம். மனிதச் சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் மிகுதி என்பதால் புல் கருகிவிடும். ஆகவே பெரும்பாலான கழகங்கள் இப்போது அனுமதிப்பதில்லை. லிவர்பூல் நகரின் எவர்ட்டன் கழகத்தின் மைதானமான குடிசன் பார்க்கில் 800 க்கும் மேற்பட்ட ரசிகர்களின் அஸ்தி ஆடுகளத்தின் ஓரத்தில் புதைக்கப்பட்டிருக்கிறது, இடம் போதாமல் 2004 இல் அந்தக் கழகமும் நிறுத்திக்கொண்டது. ஆண்கள் அணி 2025 இல் அந்த மைதானத்தை விட்டுப் புதிய அரங்குக்குப் போனபோது அந்தக் குடும்பங்களுக்கு எழுந்த கவலை, மற்றவர்களும் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று: மைதானங்கள் இடம் மாறும், விற்கப்படும். கழகம் நினைவுத் தோட்டம் வைத்திருந்தால் அதைக் கேளுங்கள். இல்லையேல் பெயர் பொறித்த கல்லைப் பதிக்கலாம். யாருக்கும் சொல்லாமல் இரவில் போய்த் தூவிவிடுவது, மறுநாள் காலையில் புல்லைப் பராமரிக்கும் ஊழியருக்குச் செய்யும் அநீதி.

நன்கொடையும் நிலையான நினைவும்

பணம் திரட்டினால் குறிப்பான நோக்கத்துக்குத் திரட்டுங்கள். அவரைக் கடைசிவரை கவனித்த மருத்துவ இல்லமாகவோ, கழகத்தின் சிறுவர் அணியாகவோ இருக்கலாம். பப் தொழிலில் இருப்பவர்களுக்காக 1793 முதல் இயங்கிவரும் மதுவிற்பனைத் தொழிலாளர் அறக்கட்டளையாகவும் (Licensed Trade Charity) இருக்கலாம். பதிவுபெற்ற அறக்கட்டளைக்குப் பெயரும் முகவரியும் தந்து, வரிச்சலுகைக் கூற்றோடு (Gift Aid) கொடுத்தால், வரி செலுத்துகிறவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். பப்புக்குள் உண்டியல் வைக்கலாம். தெருவில் உண்டியல் ஏந்துவதற்கு உள்ளாட்சி மன்றத்தின் அனுமதியும், மைதானத்தில் கழகத்தின் அனுமதியும் தேவை. நினைவு நிகழ்ச்சியிலேயே சீட்டு விற்று நடத்தும் குலுக்கலுக்கு உரிமம் வேண்டாம், ஆனால் வசூலிலிருந்து பரிசுகளுக்கு 500 பவுண்டுக்கும், செலவுகளுக்கு 100 பவுண்டுக்கும் மேல் எடுக்கக் கூடாது. வசூல் கணக்கை பப்பின் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நிலையான நினைவுக்கு என் பரிந்துரை, அவர் வாடிக்கையாளர் பக்கம் வந்து அமரும் வழக்கமான இருக்கையில் ஒரு சிறு பித்தளைத் தகடு. அதில் யாரும் உட்காரக் கூடாது என்று கயிறு கட்ட வேண்டாம். ஆள் அமராத இருக்கையை அவர் ஒருநாளும் விரும்பியிருக்க மாட்டார். வெளிச்சுவரில் பலகை வைப்பதானால், கட்டடம் வரலாற்றுச் சிறப்புக்காகப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் தனி ஒப்புதல் தேவைப்படலாம். சிறு கழகங்களில் அவர் பெயரில் ஆண்டுதோறும் ஓர் ஆட்டம் நடத்தி, பப் அணியும் ரசிகர் அணியும் மோதலாம். ஆட்டப்பந்துக்கான செலவை ஏற்று, அறிவிப்பில் அவருடைய பெயரைச் சொல்லச் செய்வதும் எளிய வழி.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, பப் மூடப்படாமல் இருக்க வேண்டும். உரிமையாளர் மறைந்தபின் கட்டடம் குடியிருப்பாக மாறுவது அடிக்கடி நடக்கிறது. இங்கிலாந்தில் 2017 மே மாதம் முதல் பப்பை இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ திட்ட அனுமதி பெற வேண்டும். அப்படி விண்ணப்பம் வந்தால் எதிர்ப்பைப் பதிவுசெய்ய ஊராருக்கு வாய்ப்பு உண்டு. 2011 ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், உள்ளூர் வாக்காளர் 21 பேர் சேர்ந்தாலே தங்கள் பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்தாக, அதாவது விற்பனைக்கு வந்தால் ஊரார் வாங்க முயல அவகாசம் கிடைக்கும் சொத்தாக, பட்டியலிட மன்றத்திடம் கேட்கும் வழியைத் திறந்துவிட்டது. விதிகள் திருத்தப்படுவதுண்டு என்பதால் இப்போதைய நிலையை மன்றத்தில் கேட்டறிந்து, குடும்பத்தின் விற்பனைத் திட்டத்துக்கு அது இடைஞ்சலாகுமா என்பதையும் அவர்களோடு பேசிவிட்டு, கையெழுத்துத் தாளைப் பாரில் வையுங்கள். இறுதிச் சடங்கு நாளில் வேண்டாம். இரண்டொரு வாரம் கழித்து, ஆட்டநாள் ஒன்றில் வைத்தால் 21 கையெழுத்தும் முதல் பாதி தொடங்கும் முன்பே கிடைத்துவிடும்.